மலையில் சர்வர் நின்றுபோனால்: ஹார்ட்வேரா, கெர்னலா என்று கண்டுபிடிப்பது எப்படி?

கோத்தகிரியில் ஒரு தேயிலை ஃபேக்டரி, ஊட்டியில் ஒரு பள்ளி, கொடைக்கானலில் ஒரு தங்கும் விடுதி. இப்படி மலைமேல் எங்கேயாவது ஒரு லினக்ஸ் சர்வரைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு உங்களுக்குப் புதிதாக வந்திருந்தால், இந்தக் கட்டுரை உங்களுக்காகத்தான். கீழே சமவெளியில் சர்வர் படுத்தால் ராமை மாற்றிப் பார்ப்பார்கள், பவர் சப்ளையான எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றிப் பார்ப்பார்கள், கோளாறு எப்படியோ பிடிபட்டுவிடும். கடை பக்கத்துத் தெருவில் இருக்கிறது. நீலகிரிக்குப் பார்ட்ஸ் கோயம்புத்தூரிலிருந்து வர வேண்டும். கொடைக்கானலுக்குத் திண்டுக்கல்லிலிருந்தோ மதுரையிலிருந்தோ. மழையில் மண் சரிந்து ரோடு அடைத்துவிட்டால் அதற்கும் வழியில்லை. அதனால் மலையில் இருப்பவர் முதலில் கற்க வேண்டியது, மெஷின் விட்டுச்சென்ற தடயத்தைப் படிப்பது. எந்தப் பாகம் கெட்டது என்று உறுதியான பிறகுதான் ஸ்க்ரூ டிரைவரும் பஸ் டிக்கெட்டும்.

கட்டளைகளை இங்கே தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். டெர்மினலில் தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்டுங்கள்.

கை வைப்பதற்கு முன்

காலையில் ஃபேக்டரியிலிருந்து போன் வரும். "தம்பி, சர்வர் நின்னு போச்சு. ஆஃப் பண்ணி ஆன் பண்ணட்டுமா?"

"வேண்டாங்கண்ணா. ஸ்கிரீன்ல என்ன எழுத்து இருக்குதோ, அதை அப்படியே போட்டோ எடுத்து அனுப்புங்க. பின்னாடி லைட் எரியுதா, ஃபேன் சுத்துதான்னு பாத்துச் சொல்லுங்க. அப்புறமா ஆஃப் பண்ணிக்கலாம்."

இந்த அரை நிமிடப் பேச்சு பிறகு அரை நாள் வேலையை மிச்சப்படுத்தும். கெர்னல் என்பது லினக்ஸின் மையப் பகுதி, ஹார்ட்வேரோடு நேராகப் பேசுவது. அது தன் செய்திகளை மெமரியில் ஒரு வளையத்தில் எழுதி வைக்கிறது. டிமெசேஜ் (டி-எம்-இ-எஸ்-ஜி என்று ஐந்தே எழுத்தில் தட்ட வேண்டும்) என்ற கட்டளை காட்டுவது அந்த வளையத்தைத்தான். பவரை அணைத்த நொடியே அது அழிந்துவிடும். திரையில் நிற்கும் கடைசி இருபது வரிதான் சில சமயம் நமக்கு மிஞ்சும் ஒரே சாட்சி.

மெஷின் உறைந்து நின்றாலும் கெர்னல் முழுதாகச் செத்திருக்க வேண்டும் என்பதில்லை. கீபோர்டில் ஆல்ட், சிஸ்ஆர்க்யூ (பெரும்பாலும் ப்ரின்ட் ஸ்கிரீன் பட்டன்தான்) இரண்டையும் பிடித்துக்கொண்டு டபிள்யூ அழுத்தினால், எங்கெங்கே எந்த வேலை மாட்டிக்கொண்டு நிற்கிறது என்று கெர்னலே பட்டியல் போடும். பிறகு அதே முறையில் எஸ், யூ, பி என்று நிதானமாக ஒவ்வொன்றாக அழுத்துங்கள். டிஸ்க்கில் எழுத வேண்டியதை எழுதி, ஃபைல் சிஸ்டத்தைப் படிக்க மட்டும் என்று மாற்றி, பிறகு ரீபூட் ஆகும். பவர் பட்டனை நீண்ட நேரம் அழுத்திப் பிடிப்பதைவிட இது எவ்வளவோ மேல். இந்த வசதி பல சர்வர்களில் பாதி மூடியிருக்கும். கெர்னல் அமைப்புகளை மாற்றும் சிஸ்சிடிஎல்லில் கெர்னல்.சிஸ்ஆர்க்யூ = 1 என்று முன்கூட்டியே திறந்து வையுங்கள்.

தடயம் தங்குவதற்கு இன்றைக்கே செய்ய வேண்டியவை

சர்வர் நன்றாக ஓடும்போதே செய்து வைக்க வேண்டிய வேலை இது. முதலாவது, சிஸ்டம் தன் செய்திகளைச் சேர்த்து வைக்கும் ஜர்னல். சிஸ்டம்டி (சர்வீஸ்களைத் தொடங்கி நடத்தும் நிரல்) உள்ள லினக்ஸில் /வார்/லாக்/ஜர்னல் என்ற ஃபோல்டர் இல்லையென்றால் பழைய பூட்டின் பதிவு எதுவும் தங்காது. அந்த ஃபோல்டரை உருவாக்குங்கள், அல்லது ஜர்னல்டி.கான்ஃப் ஃபைலில் ஸ்டோரேஜ்=பெர்சிஸ்டன்ட் என்று எழுதி அந்த சர்வீஸை ரீஸ்டார்ட் செய்யுங்கள். அதன் பிறகு "ஜர்னல்சிடிஎல் -கே -பி -1" என்று கேட்டால், இதற்கு முந்தைய பூட்டில் கெர்னல் கடைசியாகச் சொன்னது கிடைக்கும்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. சாதாரணச் செய்திகளை ஜர்னல் 5 நிமிடத்துக்கு ஒருமுறைதான் டிஸ்க்கில் உறுதிசெய்யும். ஆகவே திடீர்ச் சாவின் கடைசி நிமிடங்கள் பதிவில் இல்லாமல் போகலாம். அதற்குத்தான் நெட்கன்சோல். கெர்னல் செய்திகளை ஈதர்நெட் வழியாக, யூடிபியில், பக்கத்தில் இருக்கும் வேறொரு கம்ப்யூட்டருக்கு உடனுக்குடன் அனுப்பிவிடும். பெறும் பக்கம் வழக்கமான போர்ட் 6666. பழைய டெஸ்க்டாப் ஒன்று இதற்குப் போதும். கேடம்ப் இன்னும் ஒரு படி மேல்: கெர்னல் பேனிக் ஆனால் (இனி ஓட முடியாமல் நின்றுவிட்டால்) ஒதுக்கி வைத்த மெமரியில் இன்னொரு சிறிய கெர்னல் எழுந்து, செத்ததன் மெமரியை /வார்/கிராஷ் ஃபோல்டரில் எடுத்து வைக்கும்.

கூடவே ஸ்மார்ட்டி, ராஸ்டீமன் இரண்டையும் நிறுவுங்கள். முன்னது டிஸ்க்கின் உடல்நிலையையும், பின்னது மெமரி மற்றும் பிராசசர் பிழைகளையும் கவனிக்கும். ஐபிஎம்ஐ உள்ள சர்வர் என்றால் "ஐபிஎம்ஐடூல் செல் லிஸ்ட்" கட்டளையை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். மதர்போர்டில் தனியாக ஓடும் சிறிய கம்ப்யூட்டர் வைத்திருக்கும் நாட்குறிப்பு அது. லினக்ஸ் செத்துக் கிடந்தாலும் அது எழுதிக்கொண்டிருக்கும். ஃபேன் நின்றது, பவர் சப்ளை ஒன்று போனது, ராம் ஸ்லாட் இன்னதில் பிழை என்று பல சமயம் நேரடியாகவே சொல்லிவிடும்.

முதல் கேள்வி: எப்படி நின்றது?

சர்வர் மறுபடி எழுந்ததும் "லாஸ்ட் -எக்ஸ்" தட்டுங்கள். பட்டியலில் புதியது மேலே இருக்கும். ரீபூட் என்ற வரிக்குக் கீழே, அதாவது அதற்கு முந்தைய நேரத்தில், ஷட்டவுன் வரி இருக்கிறதா? இருந்தால் யாரோ முறையாக அணைத்திருக்கிறார்கள். இல்லையென்றால் அசம்பாவிதம். அடுத்து முந்தைய பூட்டின் கெர்னல் பதிவைத் திறந்து கடைசிப் பக்கத்துக்குப் போங்கள். அங்கே பேனிக், ஊப்ஸ், கால் டிரேஸ் (இவற்றின் பொருள் கெர்னல் பகுதியில் வரும்) ஏதும் இருந்தால் கெர்னலுக்குச் சாகும் முன் பேச நேரம் கிடைத்திருக்கிறது. ஐ/ஓ எர்ரர் (படிக்கவோ எழுதவோ முடியாத பிழை) வரிகள் குவிந்திருந்தால் டிஸ்க்கை நோக்கிப் போங்கள். எதுவுமே இல்லாமல், சாதாரணமாக ஓடிக்கொண்டிருந்த பதிவு பாதியில் வெட்டினாற்போல் நின்றிருந்தால், நெட்கன்சோலிலும் ஒன்றும் வரவில்லையென்றால், முதலில் மின்சாரத்தைச் சந்தேகியுங்கள்.

மின்சாரம்

மலையில் நான் பார்த்த சர்வர் கோளாறுகளில் பெரும்பகுதி இங்கேதான் தொடங்குகிறது. புதியவர்கள் கடைசியாகப் பார்ப்பதும் இதைத்தான்.

வீட்டு இன்வெர்ட்டரில் சர்வரை மாட்டி வைத்திருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள். கரண்ட் போகும்போது இன்வெர்ட்டர் பேட்டரிக்கு மாற ஒரு கணம் எடுத்துக்கொள்ளும். கம்ப்யூட்டர் எஸ்எம்பிஎஸ் முழுச் சுமையில் அந்த இடைவெளியைச் சுமார் 16 மில்லி நொடிதான் தாங்கும். இன்வெர்ட்டர் அதைவிட மெதுவாக மாறினால், ட்யூப்லைட் ஒரு சிமிட்டு சிமிட்டும். சர்வர் ரீபூட் ஆகிவிடும். ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர் என்றால் இன்னொரு தொல்லை: இன்றைய எஸ்எம்பிஎஸ்களில் உள்ள ஆக்டிவ் பிஎஃப்சி சர்க்யூட்டுக்கு அந்த அலைவடிவம் ஒத்துக்கொள்ளாமல் அணைந்துவிடக்கூடும். சர்வருக்கு ப்யூர் சைன் வேவ் தரும் ஆன்லைன் யூபிஎஸ் வாங்கித் தரச் சொல்லி நிர்வாகத்திடம் தயங்காமல் கேளுங்கள். அந்தச் செலவு வீணாகாது.

யூபிஎஸ் இருந்தால் அதன் டேட்டா கேபிளைச் சர்வரில் செருகி, யூபிஎஸ்ஸைக் கண்காணிக்கும் நட் அல்லது ஏபிசியூப்ஸ்டி சாஃப்ட்வேரை நிறுவுங்கள். எத்தனை மணிக்கு பேட்டரிக்கு மாறியது என்ற பதிவையும் ரீபூட் நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பாதி விஷயம் தெளிவாகிவிடும். டிசம்பர், ஜனவரியில் ஊட்டியில் உறைபனி விழும் நாட்களில் லெட் ஆசிட் பேட்டரியின் தாங்குதிறன் குறையும். கோடையில் அரை மணி நேரம் நின்ற யூபிஎஸ் குளிர்கால விடியற்காலையில் அவ்வளவு நிற்காது. பேட்டரியைக் கழற்றிப் போடும் முன் இதையும் கணக்கில் எடுங்கள்.

எர்த்திங் அடுத்தது. பாறை நிலத்தில் எர்த் பைப் ஆழமாக இறங்குவதில்லை. எலக்ட்ரீசியனை வைத்து நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே வோல்ட்டேஜ் அளக்கச் சொல்லுங்கள். இரண்டு மூன்று வோல்ட்டுக்குமேல் காட்டினால் வயரிங்கைச் சரிபார்க்க வேண்டும். கோடை மழை இடியோடு வரும் காலத்தில், ஒரு கட்டடத்திலிருந்து இன்னொன்றுக்கு வெளியே இழுத்த லேன் கேபிள் வழியாகத்தான் பல போர்டுகள் எரிகின்றன. கட்டடங்களுக்கு இடையே செம்புக் கேபிள் வேண்டாம். ஃபைபர் இழுத்து இரண்டு முனையிலும் மீடியா கன்வெர்ட்டர் வையுங்கள். கண்ணாடி இழையில் மின்னல் ஏறி வராது.

டிஸ்க்: பொறுமையாகப் படிக்க வேண்டிய இடம்

ஒரு ஃபேக்டரி சர்வரில் சிறு விவசாயிகள் கொண்டுவரும் பச்சை இலையின் எடைக் கணக்கு முழுதும் இருக்கும். மாதக் கடைசியில் அந்தக் கணக்கைப் பார்த்துத்தான் அவர்களுக்குப் பணம். டிஸ்க் விஷயத்தில் அவசரம் கூடவே கூடாது என்று நான் அடித்துச் சொல்வது இதனால்தான்.

இப்படி ஒரு சர்வர் திடீரென்று மெதுவாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். டிமெசேஜில் "ஏடிஏ3.00: ஃபெயில்ட் கமாண்ட்: ரீட் எஃப்பிடிஎம்ஏ க்யூட்" என்ற வரி திரும்பத் திரும்ப வருகிறது. இதைப் பார்த்ததும் டிஸ்க் போச்சு என்று முடிவுகட்டாதீர்கள். அதற்கடுத்த வரிகளில் அடைப்புக்குறிக்குள் இருக்கும் சொல்லைப் பாருங்கள். யூஎன்சி என்று இருந்தால் டிஸ்க்கின் பரப்பிலேயே படிக்க முடியாத இடம் இருக்கிறது. ஐசிஆர்சி என்று இருந்தால் தகவல் வழியில் சிதைந்திருக்கிறது. அதாவது கேபிள், கனெக்டர், அல்லது போர்டில் உள்ள போர்ட். முன்னதற்கு மலை இறங்கிப் புது டிஸ்க் வாங்க வேண்டும். பின்னதற்கு மேஜை டிராயரில் கிடக்கும் சாட்டா கேபிள் போதும்.

உறுதிப்படுத்த "ஸ்மார்ட்சிடிஎல் -ஏ" கட்டளையை அந்த டிஸ்க்கின் பெயரோடு ஓட்டுங்கள். மேலே பாஸ்ட் என்று எழுதியிருப்பதை நம்பி விட்டுவிடாதீர்கள். சாகக் கிடக்கும் டிஸ்க்கும் அந்தச் சான்றிதழைக் காட்டும். கீழே பட்டியலில் 5, 197, 198 ஆகிய எண்களுக்கு நேரே கடைசிக் கட்டத்தில் பாருங்கள். 5 என்பது கெட்டுப்போய் மாற்று இடம் ஒதுக்கிய செக்டார்கள். 197 படிக்க முடியாமல் காத்திருப்பவை. 198 டிஸ்க் தானாகச் சோதித்தும் மீட்க முடியாதவை. 197 வாரா வாரம் ஏறிக்கொண்டே போனால் அந்த டிஸ்க்கை மாற்றியே ஆக வேண்டும். 199 வழியில் சிதைந்த தகவலின் கணக்கு. அது மட்டும் ஏறி மற்றவை பூஜ்யத்தில் நின்றால் கேபிள். 199 குறையாது, கேபிளை மாற்றிய பின் அது அதே எண்ணில் நிற்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும். ஈரக் காற்றில் கனெக்டர் பின்கள் மங்கிப்போகும் ஊர் இது. கேபிளைக் கழற்றி மாட்டினாலே சரியாகிவிட்டதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

டிஸ்க்தான் என்று உறுதியானால் வரிசை இதுதான்:

1. கணக்கு எழுதும் சாஃப்ட்வேரை நிறுத்துங்கள்.
2. பேக்கப் இருக்கிறதா, திறக்கிறதா என்று வேறொரு மெஷினில் பாருங்கள்.
3. பேக்கப் இல்லையென்றால் டிடிரெஸ்க்யூ கொண்டு டிஸ்க்கை அப்படியே வேறொரு டிஸ்க்குக்கு நகலெடுங்கள்.
4. ஃபைல் சிஸ்டத்தைச் சரிசெய்யும் எஃப்எஸ்சிகே ஓட்டுவதென்றால் அந்த நகலில் மட்டும் ஓட்டுங்கள். சாகும் டிஸ்க்கில் ஓட்டினால் மிச்சமிருப்பதும் போய்விடக்கூடும்.

ரெய்டு (பல டிஸ்க்குகளைச் சேர்த்து, ஒன்று போனாலும் தகவல் தங்கும்படி வைக்கும் ஏற்பாடு) இருந்தால் /ப்ராக்/எம்டிஸ்டேட் ஃபைலைத் திறந்து பாருங்கள். இரண்டு யூ எழுத்துக்குப் பதிலாக ஒரு யூவும் ஒரு அடிக்கோடும் நின்றால் ஒரு டிஸ்க் வெளியேறிவிட்டது. எதை உருவுவது என்பதை /டெவ்/டிஸ்க்/பை-ஐடி ஃபோல்டரில் உள்ள சீரியல் எண்ணை டிஸ்க்கின் மேல் ஒட்டிய லேபிளோடு ஒப்பிட்டே முடிவு செய்யுங்கள். நல்ல டிஸ்க்கை உருவிவிட்டால் ரெய்டு இருந்தும் பயனில்லை.

ராம்

ஊட்டியில் கிரேப்ஸ்-3 என்ற காஸ்மிக் கதிர் ஆய்வுக்கூடத்தை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் நடத்துகிறது. உயரமான இடம் அந்த ஆய்வுக்குப் பொருந்துவதற்கு ஒரு காரணம், மேலே காற்றுப் போர்வை மெலிந்திருப்பது. அதே காரணத்தால் வானிலிருந்து வரும் துகள்கள் கடல்மட்டத்தைவிட இங்கே சில மடங்கு அதிகம். அப்படி ஒரு நியூட்ரான் ராம் சிப்பில் பட்டால் ஒரு பிட் புரண்டுவிடலாம். அது சிப்பின் பழுது அல்ல. அடுத்த முறை எழுதும்போது சரியாகிவிடும். மலையில் வைக்கும் சர்வருக்கு ஈசிசி ராம் கட்டாயம் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். ஈசிசி ஒரு பிட் பிழையைத் தானே திருத்தி, எண்ணியும் வைக்கும்.

அந்தப் பிழைகளின் பட்டியலை "ராஸ்-எம்சி-சிடிஎல் --எர்ரர்ஸ்" காட்டும். மாதங்கள் கழித்து எங்கோ ஒன்று என்றால் விட்டுவிடலாம். ஒரே ஸ்லாட்டில் அடிக்கடி வந்தால் அந்த ராம் ஸ்டிக்தான் கெட்டிருக்கிறது. திருத்த முடியாத பிழை ஒன்றே ஒன்று வந்திருந்தாலும் காத்திருக்காதீர்கள். ஈசிசி இல்லாத மெஷின் என்றால் மெம்டெஸ்ட்86 பிளஸ்ஸை யூஎஸ்பியில் போட்டு இரவு முழுதும் ஓட விடுங்கள். பிழை வந்தால் ஸ்டிக்குகளை ஒவ்வொன்றாக வைத்து மறுபடி ஓட்டுங்கள். ஸ்டிக்கையும் ஸ்லாட்டையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது குற்றவாளி என்று தெரியாமல் போய்விடும். ஸ்டிக்கின் பின்களை ரப்பரால் தேய்ப்பதைவிட ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைப்பது நல்லது. ரப்பர் துகள் ஸ்லாட்டுக்குள் விழாது.

குளிர் ஊர்தானே என்ற நம்பிக்கை

ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். இங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய முக்கால் பங்குதான். ஃபேன் அதே வேகத்தில் சுற்றினாலும் மெல்லிய காற்று குறைவான வெப்பத்தையே வாரிக்கொண்டு போகும். பொதுவான சர்வர்களுக்கு 900 மீட்டருக்கு மேலே ஒவ்வொரு 300 மீட்டருக்கும் அனுமதிக்கப்பட்ட அறை வெப்பநிலை 1 டிகிரி குறையும் என்பது வழக்கமான கணக்கு. அறை குளிராக இருப்பதால் பெரும்பாலும் தப்பித்துக்கொள்கிறோம். ஆனால் ஜன்னலை இறுக அடைத்த சின்ன அலமாரிக்குள் வைத்தால் தப்பிக்க முடியாது. டிமெசேஜில் "சிபியூ கிளாக் த்ராட்டில்ட்" என்ற வரி வந்தால் சூடுதான். ஃபேக்டரியில் தேயிலையைச் சலிக்கும் சிஃப்டிங் நடக்கும் பக்கம் சர்வர் வேண்டவே வேண்டாம். தேயிலையின் பஞ்சு போன்ற தூசி ஹீட் சிங்க்கில் கம்பளி மாதிரி படிந்துவிடும். ப்ளோயர் அடிக்கும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், சுழல விடாதீர்கள்.

சூட்டைவிட ஈரம் பெரிய பகை. ஆடி மழையில் நாள்கணக்காக வெயிலே வராது. இரவில் அணைத்து வைத்த மெஷின் குளிர்ந்து கிடக்கும். காலையில் ஹீட்டர் போட்டு அறையைச் சூடாக்கினால் அதன்மேல் நீர் பூக்கும். மழைக்காலத்தில் சர்வரை இரவில் அணைக்காதீர்கள், ஓடுகிற மெஷின் தன்னைத்தானே உலர வைத்துக்கொள்ளும். குளிர்ந்த மெஷினை ரிப்பேருக்கு மேட்டுப்பாளையத்துக்கு இறக்கினால், அங்கே பிளாஸ்டிக் உறையைப் பிரிக்காமல் சில மணி நேரம் வைத்து, அறைச்சூட்டுக்கு வந்த பிறகே ஆன் செய்யச் சொல்லுங்கள்.

கெர்னல்

ஊப்ஸ் என்றால் கெர்னலின் ஒரு பகுதி தடுக்கி விழுந்து, மற்றவை ஓடுகின்றன. பேனிக் என்றால் இனி ஓட முடியாது என்று கெர்னலே நின்றுவிட்டது. இரண்டிலும் கால் டிரேஸ் என்ற பட்டியல் வரும். அதை முழுதும் புரிந்துகொள்ள வேண்டியதில்லை. ஆர்ஐபி என்று தொடங்கும் வரியில் எந்த ஃபங்ஷன் பெயர் இருக்கிறது என்பதை மட்டும் ஒவ்வொரு விபத்துக்கும் குறித்து வையுங்கள். ஒவ்வொரு முறையும் அதே பெயர் வந்தால் டிரைவரோ கெர்னல் பிழையோ இருக்க வாய்ப்பு அதிகம். ஒவ்வொரு முறையும் சம்பந்தமில்லாத வெவ்வேறு இடம் என்றால் ராமையும் பவரையும் மறுபடி சோதியுங்கள். புதியவர்களுக்கு நான் சொல்லித்தரும் விதிகளில் அதிகம் பயன்பட்டது இதுதான். டெயின்டட் என்ற வரியில் எம் எழுத்து இருந்தால் பிராசசரே ஹார்ட்வேர் பிழை என்று புகார் சொல்லியிருக்கிறது.

"பிளாக்ட் ஃபார் மோர் தேன் 120 செகண்ட்ஸ்" என்ற வரியைப் பார்த்துக் கெர்னலைக் குறை சொல்பவர்கள் நிறையப் பேர். அங்கே அந்த வேலை பெரும்பாலும் டிஸ்க்குக்காகவோ, நெட்வொர்க் வழியாக ஃபைல் தரும் என்எஃப்எஸ் சர்வருக்காகவோ காத்திருக்கிறது. "அவுட் ஆஃப் மெமரி: கில்ட் பிராசஸ்" என்றால் ராம் கெடவில்லை, போதவில்லை.

அப்டேட் செய்த மறுநாள் பூட் ஆகவில்லை, "அனேபிள் டு மவுண்ட் ரூட் எஃப்எஸ்" என்று நிற்கிறது என்றால் பயப்பட வேண்டாம். பூட் ஆகும்போது வரும் க்ரப் மெனுவில் அட்வான்ஸ்ட் ஆப்ஷன்ஸுக்குள் போய்ப் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுங்கள். எழுந்ததும் "டிஎஃப் -எச் /பூட்" பாருங்கள். அந்தப் பகுதி நிரம்பிவிட்டதால் புதுக் கெர்னல் எழுவதற்கு வேண்டிய இனிட்ராம்எஃப்எஸ் என்ற ஃபைல் அரைகுறையாக எழுதப்பட்டிருக்கும். உபுண்டு, டெபியனில் பழைய கெர்னல்களை நீக்கிவிட்டு அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ், ரெட் ஹேட் குடும்பத்தில் ட்ராகட் ஓட்டி அந்த ஃபைலை மறுபடி உருவாக்குங்கள். எப்போதும் ஓடிக் காட்டிய ஒரு பழைய கெர்னலை அழிக்காமல் வையுங்கள்.

லினக்ஸுக்குப் பதில் ஃப்ரீபிஎஸ்டி என்ற வேறு ஆபரேட்டிங் சிஸ்டம் வைத்திருப்பவர்களுக்கு: /வார்/ரன்/டிமெசேஜ்.பூட், /வார்/லாக்/மெசேஜஸ் இரண்டும் முதல் வாசிப்பு. ஆர்சி.கான்ஃப் ஃபைலில் டம்ப்டெவ் ஆட்டோ என்று இருந்தால் பேனிக் ஆனபோது எடுத்த டம்ப் அடுத்த பூட்டில் /வார்/கிராஷில் கிடைக்கும்.

கீழே போன் போடும்போது

கோயம்புத்தூர் சர்வீஸ்காரரிடம் "சர்வர் ஓடலை சார்" என்று மட்டும் சொன்னால் அவர் எல்லாவற்றையும் கொண்டுவரச் சொல்வார். மாடல், சீரியல் எண், கெர்னல் வெர்ஷன், எந்த நேரத்தில் நின்றது, அதற்கு முன்னும் பின்னும் கெர்னல் சொன்ன வரிகள், 5, 197, 198, 199 நான்கின் எண்கள், இதுவரை நீங்கள் மாற்றிப் பார்த்தது என்ன, மாற்றியபோது என்ன ஆனது என்று எழுதி அனுப்புங்கள். ஒரே ஒரு பாகத்தோடு அவர் ஏறி வந்தால் போதும்.

மே மாதம் முடிவதற்குள் அலமாரியில் இவை இருக்கட்டும்: அதே அளவில் ஒரு டிஸ்க், பொருந்தும் எஸ்எம்பிஎஸ் ஒன்று, ஒரு ராம் ஸ்டிக், சாட்டா கேபிள் இரண்டு, ஃபேன் ஒன்று, போர்டுக்கான சிஆர்2032 பேட்டரி, மெம்டெஸ்ட் போட்ட யூஎஸ்பி ஒன்று, லைவ் லினக்ஸ் போட்ட யூஎஸ்பி இன்னொன்று. ஈரம் ஏறாமல் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடி இறுக்கிய டப்பாவில் வையுங்கள். உள்ளே என்ன இருக்கிறது, எந்த சர்வருக்கு என்று மூடிமேல் எழுதி ஒட்டுங்கள். நீங்கள் ஊரில் இல்லாத நாளில் வேறொருவர்தான் அதைத் திறக்க வேண்டியிருக்கும்.